மாதாமாதம் இருபத்திரண்டு

இந்தப் பக்கம் வந்து உக்காருங்கக்கா. அந்த சீட்டு வேணாம், உசிலம்பட்டி தாண்டுற வரைக்கும் வெயில் சுள்ளுன்னு அடிக்கும். பையை என் காலடியில வைங்க, ஒண்ணும் ஆகாது. மக வீட்டுக்கு வந்துட்டுப் போறீகளா? நெனச்சேன். வரும்போது கனத்து வந்து, போகும்போது லேசாப் போற பை மக வீட்டுப் பைதான்.

நான் சின்னமனூருக்கு. நீங்க? அட, நீங்களும் சின்னமனூருதானா! நல்லதாப் போச்சு. நான் கண்ணசந்துட்டா எழுப்பி விட்டுருங்க. அசர மாட்டேன்னு வைங்க. எட்டு மாசமா எனக்கு எங்கக்கா தூக்கம்?

சொந்தக்காரவுக யாரும் இல்ல, ஒரு சோலியாப் போறேன். பதினோரு மணிக்கு அங்க ஒரு கூட்டம். எங்க சார் கூப்பிட்டிருக்காரு. அதான் புதுச் சுங்குடி. இல்லாட்டி நான் இப்பிடியெல்லாம் கட்டுறவளே கிடையாது. இருபத்தஞ்சு வருஷமா சேலைக்கு மேல வெள்ளைக் கோட்டுதான். உள்ளுக்குள்ள என்ன கட்டியிருக்கான்னு யாரு பாத்தா?

நர்ஸு இல்லக்கா. எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாக. நான் கிருமி வளக்குற வேலை. சிரிக்காதீக, நெசமாத்தான். மதுரைக்கு வெளிய ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, செடி கொடிக்கு வர்ற சீக்கைப் பத்திப் படிக்கிற எடம், அங்க. நோன்புக்குப் பாய்மாரு வீட்டுல கடல்பாசி கிண்டுவாகள்ல, அந்தப் பாசிதான். அதைக் காய்ச்சி, வட்ட வட்டமாக் கண்ணாடித் தட்டுல ஊத்தி ஆற வச்சோம்னா, அதுதான் கிருமிக்குச் சோறு, அதுதான் வீடு. கம்பி நுனியில ஒரு துளி எடுத்துக் கோடு இழுத்துட்டு, மறுநா பாத்தா முத்து முத்தா மொளச்சிருக்கும். எல்லாக் கிருமியும் கெட்டது இல்லக்கா. மனுசன்ல இருக்க மாதிரி அதுலயும் நல்லது இருக்கு. மனுசன்ல இருக்கதை விட ஜாஸ்தியாவே இருக்குன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது.

பி.எஸ்ஸி. முடிச்சுட்டு வெள்ளந்தியாப் போயி நின்னேன். முதல்ல என்ன வேலை குடுத்தாக தெரியுமா? பாத்திரம் கழுவுறது. சோத்துப் பாத்திரம் இல்ல, கிருமி வளந்த தட்டு, டியூபு. பெரிய குக்கர் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல வேக வச்சு, கிருமியைச் சாகடிச்சு, அப்புறம் தேய்க்கணும். எங்கய்யா கேட்டாரு, "ஏத்தா, இதுக்கா உன்னைப் பதினஞ்சு வருஷம் படிக்க வச்சேன்?"ன்னு. ரெண்டு வருஷம் கழுவுனேன். அப்புறம் பாசி காய்ச்ச விட்டாக. அப்புறம் தட்டு ஊத்த. அப்புறந்தான் கம்பியைக் கையில குடுத்தாக. கம்பி கைக்கு வர்றதுக்கு நாலு வருஷம். அன்னைக்கு என்னோட சேந்து கம்பி புடிச்சவதான் ஜெனோவா.

அந்தப் பேரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரியுது. இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

ஜெனோவா திண்டுக்கல்லுக்காரி. நானும் அவளும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். ஒரே மேசை, அந்தக் கடைசியில அவ, இந்தக் கடைசியில நான். அவ கொண்டார மீன்கொழம்பை நான் திம்பேன், என் புளிசாதத்தை அவ திம்பா. அவளுக்கு மூத்தவன் பொறந்தப்ப பத்துநாள் ஆசுபத்திரியில கூட இருந்தவ நான். இருபத்தஞ்சு வருஷம்க்கா! கூடவே இருந்து குழி பறிச்சான்னு சொல்லுவாகள்ல, அதை நான் பழமொழின்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன்.

சரி, மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க சார் பேரு டாக்டர் ஆவுடையப்பன். தங்கமான மனுசன். ஒருநாள்கூட என்னை 'ஏ'ன்னு கூப்பிட்டதில்ல, 'மங்கை'ன்னுதான் வாய் நெறையாக் கூப்பிடுவாரு. முழுப்பேரு மங்கையர்க்கரசி. எனக்கு வேலை நெரந்தரம் இல்ல, பாத்துக்கோங்க. ப்ராஜெக்டு வேலை. மூணு வருஷத்துக்கு ஒரு ஆர்டர் குடுப்பாக. முடிஞ்சதும் ஒரு நாள் வேலையில இருந்து நிப்பாட்டிட்டு, மறுநா புது ஆர்டர் குடுப்பாக. தொடர்ச்சியா வேலை பாத்தோம்னு நாளைக்கு நாம கேட்டுறக் கூடாதுல்ல, அதுக்கு அந்த ஒரு நாள். அந்த ஒரு நாள்கூட நான் வீட்டுல இருந்தது கிடையாது. வாட்ச்மேன்ட்டச் சொல்லிட்டு உள்ள போயிருவேன். அங்க தட்டுல உசுரு இருக்குல்ல? அதுக்கு ஆர்டர் முடிஞ்சதெல்லாம் தெரியுமா? சார் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு, "மங்கை, அடுத்த நெரந்தரப் போஸ்ட் வரட்டும், அது உனக்குத்தான்". சொன்ன சொல்லு மாற மாட்டாரு. போஸ்ட்டுதான் வரல.

நான் சேந்து ஆறாவது வருஷம். வாழைத் தோட்டத்து மண்ணு ஏகப்பட்டது எடுத்து வந்து வாடல் நோய்க்கு எதிரா எதாச்சும் கிருமி கெடைக்குமான்னு தேடிக்கிட்டு இருந்தோம். வாடல்னா உங்க பக்கத்து ஆளுகளுக்குச் சொல்லணுமா? தட்டு பூராம் வாடல் பூசணத்தைத் தூவி, மேல மண்ணுக்கரைசலை விட்டு வைப்போம். ஒரு மாசமா எல்லாத் தட்டுலயும் பூசணந்தான் பஞ்சுப் பொதியாட்டம் மண்டிப் போச்சு. சார் வெறுத்துப் போயி, "எல்லாத்தையும் வேக வச்சுக் கொட்டிரு மங்கை"ன்னுட்டுப் போயிட்டாரு. கொட்டப் போனவ சும்மா கொட்டிருக்கலாம்ல? ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். நாப்பத்தியேழாவது தட்டுல, ஒரு ஓரமா, கடுகு கெணக்கா ஆரஞ்சு நெறத்துல ஒரு புள்ளி. சுருங்கிப் போயி, பாக்கச் சகிக்காது. ஆனா அதைச் சுத்தி ஒரு வட்டம், தொடச்சு விட்டாப்புல சுத்தமா! பூசணம் கிட்டக்கூட வரல. ஸ்கேலை வச்சு அளந்தேன். இருபத்திரெண்டு மில்லிமீட்டர். நான் போட்ட சத்தத்துல ஜெனோவா ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

அதுதான் நாப்பத்தியேழு. சாரு அதை வச்சு எழுதுன கட்டுரை வெளிநாட்டுப் புஸ்தகத்துல எல்லாம் வந்துச்சு. கடைசிப் பக்கத்துல நன்றி போட்டிருந்தாரு, 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி'ன்னு. அந்த ஊழியர்கள்ங்கறது நாந்தான். நான் அதை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். ஜெனோவா வந்து பாத்துட்டு, "இதுல உம்பேரு எங்கடி?"ன்னா. அன்னைக்கே எனக்கு வெளங்கியிருக்கணும், அவ மனசுல என்ன ஓடுதுன்னு. பொறாமை!

அதுல இருந்து நாப்பத்தியேழு என் பொறுப்பு. கிருமியை அப்பிடியே விட்டா சோறு தீந்து செத்துப் போகும். மாசத்துக்கு ஒரு தடவை புதுப் பாசிக்கு மாத்தணும். மாத்துறப்ப தட்டுல மொளச்சிருக்க முத்துகள்ல ஒண்ணைத்தான் கம்பியில எடுப்போம். எதை எடுக்குறதுங்கறது நம்ம கையில. நான் நல்லா வாட்டசாட்டமா, கொழுகொழுன்னு, பளபளன்னு இருக்கதாப் பாத்து எடுப்பேன். விதைக்கு நல்ல கதிராப் பாத்துத்தான எடுப்போம்? நோஞ்சானையா எடுப்போம்? வருஷக்கணக்கா அப்பிடித்தான். மொதல்ல கடுகாட்டம் சுருங்கிக் கெடந்தது, நான் வளத்த வளப்புல எப்பிடி ஆயிப்போச்சு தெரியுமா? ஒவ்வொண்ணும் மிளகு தண்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாக. ஆனா என் குஞ்சு நெசமாவே பொன்னுதான்.

என்னக்கா, ஒரு மாதிரியா ஆயிட்டீக? பஸ்ஸு ஒத்துக்கலையா? ஜன்னலை நல்லாத் தெறந்துக்கோங்க. இந்தாங்க, எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க. ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் இப்பிடித்தான் இருக்கும், அப்புறம் காத்து வந்துரும்.

எங்க விட்டேன்? ஆங், மூணு வருஷத்துக்கு முந்தி சாரு நாப்பத்தியேழைப் பவுடராக்கி விவசாயிகளுக்குக் குடுக்கலாம்னு ஆரம்பிச்சாரு. வாழைக்கன்னை அதுல நனைச்சு நட்டா வாடல் வராது. வாங்குறதுக்கு ஆளு குமிஞ்சுட்டாக! சாயங்காலம் ஆறு மணிக்கும் கேட்டுல ஆளு நிப்பாக. அந்நேரம் பாத்து ஜெனோவாவை வேற பிரிவுக்கு மாத்திட்டாக. பாசி காய்ச்ச நான், வளக்க நான், பவுடர்ல கலக்க நான், பாக்கெட்டு ஒட்ட நான். ஒத்த ஆளு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஆனா சாரு ஒரு வார்த்தை சொல்லுவாரு பாருங்க, "மங்கை இல்லாட்டி இந்த லேபே இல்ல"ன்னு. அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் நாலு பாக்கெட்டு சேத்து ஒட்டுவேன்.

இப்ப நான் சொல்லப்போறதை நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. படிச்சவுகளே தப்பா எடுத்துக்கிட்டாக.

மாசாமாசம் புதுப் பாசிக்கு மாத்துனதும், பூசணத்தோட மோத விட்டு அந்த வட்டத்தை அளந்து நோட்டுல எழுதணும். அதுதான் வழக்கம். எழுதுனேன். வருஷக்கணக்கா எழுதுனேன். ஒவ்வொரு மாசமும் இருபத்திரெண்டு, இருபத்திரெண்டு, இருபத்திரெண்டு. எப்பவாச்சும் ஒண்ணு கூடக் கொறைய இருக்கும், அம்புட்டுதான். இந்தப் பவுடர் சோலி தலைக்கு மேல ஏறுன பிறகு, மோத விட்டு நாலு நாள் காத்திருந்து அளக்க எனக்கு எங்க நேரம்? இருபத்திரெண்டுன்னு எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொய்யி எழுதலக்கா! எம்புள்ளை என்ன ஒசரம்னு எனக்குத் தெரியாதா? நெதம் நெதம் நிப்பாட்டி அளந்துக்கிட்டா இருப்பாக?

ஒருக்க மட்டும் எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. நெறம் வெளுத்தாப்புல தெரிஞ்சுச்சு. ஆரஞ்சு போயி சந்தன நெறம். தட்டை எடுத்துக்கிட்டு நேரா சார்ட்டப் போனேன். "சார், நாப்பத்தியேழு வெளுத்துருச்சு, ஒருக்க மோத விட்டு அளந்து பாக்கவா?"ன்னேன். சாரு தட்டை வெளிச்சத்துல பாத்தாரு. நல்லா நேரம் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "மங்கை, அடுத்த வாரம் டெல்லியில இருந்து கமிட்டி வருது. இப்பப் போய் இதைக் கிளப்பாத. பாசி மீடியா வித்தியாசமா இருக்கும். பழைய அளவையே எழுதிட்டு வா." அம்புட்டு நம்பிக்கைக்கா எம்மேல! வேற ஒருத்தியா இருந்தா, "அளந்து கொண்டா, கண்ணால பாக்கணும்"னு சொல்லியிருப்பாரு. கமிட்டி வந்துச்சு, பாராட்டிட்டுப் போச்சு. சாருக்கு விருதும் குடுத்தாக. எனக்கு ஒரு டப்பா அல்வா வாங்கியாந்து குடுத்தாரு.

போன ஐப்பசியில வந்துச்சு வெனை. தோட்டம் தோட்டமா வாடுதுன்னு ஆளுக வந்து கத்த ஆரம்பிச்சாக. பவுடர் போட்டும் வாடுதுன்னு. நான் சொன்னேன், மண்ணுல கோளாறா இருக்கும், தண்ணி கட்டுறதுல கோளாறா இருக்கும்னு. பின்ன? நாப்பத்தியேழைச் சொல்லுவாகளா?

அப்பத்தான் அந்த ஜெனோவா மூக்கை நொழைச்சா. அவளை யாரு கூப்பிட்டா? வேற பிரிவுக்காரி. நாப்பத்தியேழு கெடைச்ச வருஷமே அதுல கொஞ்சத்தை வேக வச்ச மண்ணுல கலந்து, ஒரு டியூபுல அடைச்சு அவ டிராயர்ல வச்சிருந்திருக்கா. மண்ணுக்குள்ள போட்டா கிருமி வளராது, சாகவும் சாகாது, தூங்கிக்கிட்டே கெடக்கும். அது பழைய வழக்கம். எனக்குத் தெரியாம! எம்புள்ளையை எனக்குத் தெரியாமத் தூக்கி ஒளிச்சு வச்சிருந்திருக்கா பாருங்க! அதை எழுப்பி, என்னோடதையும் பக்கத்துல வச்சு, பூசணத்தோட மோத விட்டிருக்கா. அவ டியூபுல இருந்து வந்ததுக்கு இருபத்திரெண்டு. என்னோடதுக்கு...

ஒண்ணுமே இல்லக்கா. வட்டமே இல்ல. பூசணம் மேலேறிப் படுத்துக் கெடந்துச்சு.

மத்தியானச் சோத்து நேரத்துல என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி ரெண்டு தட்டையும் காட்டுனா. "ஏன் இப்பிடி?"ன்னேன். அவ சொல்றா, "அது பூசணத்தோட சண்டை போடுறதுக்கு வெசம் சுரக்கணும் மங்கை. சுரக்கிறது நோஞ்சானாத்தான் இருக்கும். சண்டைக்கே போகாம உக்காந்து திங்கிறதுதான் கொழுக்கும். நீ கொழுத்ததா, கொழுத்ததாப் பொறுக்கி எடுத்து எடுத்து, சண்டைக்காரி வம்சத்தையே அத்துப் போக வச்சுட்ட. அளந்திருந்தா மொத மாசமே தெரிஞ்சிருக்கும்டி"ன்னு. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறா. நாடகம்! "நீயே போயிச் சொல்லிரு. நான் கூட வர்றேன். நீ தட்டைக் கொண்டுபோயிக் காட்டுனதையும், சார் பழைய அளவை எழுதச் சொன்னதையும் சேத்துச் சொல்லு. ஒண்டியாத் தலையக் குடுக்காத"ங்கிறா.

சாரைக் காட்டிக் குடுக்கச் சொல்றாக்கா! நான் அந்தப் பாதகத்தைச் செய்வேனா? "உப்பைத் தின்னுட்டு ரெண்டகம் பண்ற பொறப்பு நான் இல்லடி"ன்னுட்டு, அவ கொண்டாந்த டப்பாவைக்கூடத் தொடாம எந்திரிச்சு வந்துட்டேன்.

விசாரணை வச்சாக. நாலு பேரு உக்காந்திருக்காக, சாரும் ஒரு ஓரமா இருக்காரு. ஜெனோவா எந்திரிச்சா. எம்மூஞ்சியைப் பாத்துக் கேக்குறா, "மங்கை, கடைசியா எப்ப அளந்த?" எல்லாரு முன்னாடியும்! அவளே பதிலையும் சொல்றா, "பதினாலு மாசமா அளக்கல. நோட்டைப் பாருங்க, பதினாலு மாசமும் ஒரே பேனா, ஒரே எண்ணு. ஆனா இவ ஒருக்க சார்ட்ட வந்து சந்தேகம் சொல்லியிருக்கா, சார்தான் வேணாம்னு தடுத்திருக்காரு"ன்னு. இது நான் அவகிட்ட என்னைக்கோ ஒரு நாள் புளிசாதம் திங்கிறப்ப நம்பிச் சொன்னது. நம்பிச் சொன்னதை எடுத்து நாலு பேரு நடுவுல கடை விரிச்சுட்டா.

அவுக சாரைக் கேட்டாக. சாரு, "அளக்கணும்னு ஊழியர்களுக்குக் கண்டிப்பாச் சொல்லியிருக்கேன், நோட்டுல கையெழுத்து அவங்களோடது"ன்னாரு. அதுல பொய் என்ன இருக்கு? கையெழுத்து என்னுதுதான? அப்புறம் என்னைக் கேட்டாக, "சார் தடுத்தாரா?"ன்னு. சாரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாக்கல. பாவம், எப்பிடிப் பாப்பாரு, இந்த வயசுல இப்பிடி ஒரு அவமானம். நான், "இல்லங்கய்யா, சாருக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னேன். ஜெனோவா நாக்காலியில பொத்துன்னு உக்காந்துட்டா.

அந்த மாசத்தோட என் ஆர்டர் முடிஞ்சுச்சு. ஒரு நாள் நிப்பாட்டுறதுன்னு சொன்னேன்ல? இந்தத் தடவை அந்த ஒரு நாள் முடியவே இல்ல. எட்டு மாசம் ஆச்சு. நாப்பத்தியேழைத் தூக்கி ஜெனோவாட்டக் குடுத்துட்டாக. அவ டியூபுல இருந்து புதுசா வளத்துப் பவுடர் போடுறாளாம். நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாக்கா. எம்பேரு, எங்கௌரவம்... 'நாப்பத்தியேழு மங்கை'ன்னுதான் என்னை எல்லாரும் சொல்லுவாக. எல்லாத்தையும் அறுத்துட்டா. நல்லா இருப்பாளா?

சாரு பெரிய மனசு. முந்தாநேத்து அவரே போன் பண்ணுனாரு. எட்டு மாசம் கழிச்சு அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. "மங்கை, சின்னமனூர்ல விவசாயிக கூட்டம். நீ வந்து நாலு வார்த்தை பேசு. மத்ததை நான் பாத்துக்கிறேன். புது ப்ராஜெக்டு வருது, பேசுவோம்"னாரு. 'தங்கச்சி மாதிரி சொல்றேன்'னாரு. இருபத்தஞ்சு வருஷத்துல அன்னைக்குத்தான் தங்கச்சின்னு வந்துச்சு. நாலு வார்த்தை என்ன, நானூறு வார்த்தை பேசுவேன். நாப்பத்தியேழை எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னு பேசுவேன். அதைத்தான பேசச் சொல்லுவாரு?

என்னக்கா தேடுறீக பையில? எனக்கா? என்ன நோட்டீசு இது? அட, இந்தக் கூட்டத்துக்கு உள்ளது! உங்க கையில எப்பிடி? இருங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.

'வாழை விவசாயிகள் சந்திப்பு.' ஆமா. 'வாழைக் காவலர் விருது பெற்ற டாக்டர் ஆவுடையப்பன் அவர்களுக்குப் பொன்னாடை.' ஆங், போடட்டும், போட வேண்டியதுதான். 'புதிய பவுடர் அறிமுகம், செயல் விளக்கம்: ஜெனோவா.' ம்ம். கீழ என்ன? 'பவுடர் பழுதானதற்குக் காரணமான...'

'பவுடர் பழுதானதற்குக் காரணமான முன்னாள் ஊழியர், விவசாயிகள் முன்னிலையில் மன்னிப்புக் கோருதல்.'

முன்னாள்னா போட்டிருக்கு?

இருங்கக்கா, இது சாருக்குத் தெரிஞ்சிருக்காது. விவசாயச் சங்கத்துக்காரவுக அடிச்சிருப்பாக. சாரைக் கேக்காம... இல்ல, கீழ போட்டிருக்கு, 'நிகழ்ச்சி நிரல்: டாக்டர் ஆவுடையப்பன்'னு. அவரு பாக்காம ஒரு காகிதம் வெளிய போகாது. கமா வரைக்கும் திருத்துவாரு. எனக்குத் தெரியும், அவரு திருத்துனதை எடுத்துட்டு டைப்புக்கு ஓடுறவளே நாந்தான்.

தங்கச்சின்னாரே!

ஆத்தாடி. பேசுன்னாரு, மன்னிப்புக் கேளுன்னு சொல்லலையே. அன்னைக்கு விசாரணை ரூம்புல ஒரு வார்த்தை, 'ஆமா, மங்கை வந்து கேட்டா, நான்தான் வேணாம்னேன்'னு ஒரு வார்த்தை. அது வரும் வரும்னு எட்டு மாசமா நான் போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன். அந்த மனுசனுக்காக நான் என் வாயால... ஜெனோவா முன்னாடி... அவ ஒண்டியாத் தலையக் குடுக்காதன்னு அழுதா. நான் நாடகம்னேன்.

சரி, விடுங்க. அவ கதை எதுக்கு இப்ப.

ஆமா, இந்த நோட்டீசு உங்களுக்கு எப்பிடிக்கா வந்துச்சு? நீங்களும் இந்தக் கூட்டத்துக்கா? வாழையா வச்சிருக்கீக? தேனி தாண்டி இம்புட்டு தூரம் வந்துட்டோம், ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. நாந்தான் சொல்ல விடல. எம்புட்டு மரம்? ஆயிரத்தி இருநூறா! யாரு பாக்குறாக, வீட்டுக்காரரா? ஓ... அவரு போனதுக்கப்புறம் நீங்களேதானா. ஒத்தப் பொம்பளையா ஆயிரத்தி இருநூறு மரத்தையா.

வாடுச்சா?

எலை ஓரத்துல இருந்து மஞ்சளாச்சா, நடு நரம்புல இருந்து ஆச்சா? ஓரத்துல இருந்து. அடியெலை மொதல்லயா? மடங்கி மரத்தைச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்குச்சா? தண்டைக் குறுக்க வெட்டிப் பாத்தீகளா? உள்ள செவப்பா, வளையம் வளையமா?

அது வாடல்தான். மண்ணுக் கோளாறு இல்ல. தண்ணிக் கோளாறும் இல்ல.

கன்னை எங்க பவுடர்லதான் நனைச்சீகளா? ஒழுங்கா நனைச்சீகளா, அரைமணி நேரம்? நனைச்சிருப்பீக. உங்களைப் பாத்தாலே தெரியுது, சொன்னதைச் சொன்னபடி செய்யிற ஆளு. எந்த மாசம் வாங்குனீக? போன வருஷமா? போன வருஷம் எப்ப?

ஆடியா.

ஆடி.

அக்கா, அந்த மாசம் நான் அளக்கலக்கா.

சாரு சொன்னாரு, சொல்லல, அது அங்கிட்டு இருக்கட்டும். வெளுத்துருச்சுன்னு என் கண்ணுதான பாத்துச்சு? ஸ்கேலு என் கோட்டுப் பையிலதான இருந்துச்சு? நாலு நாள். ஒரு தட்டு. அம்புட்டுதான் வேலை. அளந்திருந்தா உங்களுக்கு அந்தப் பாக்கெட்டு வந்திருக்காது. அளக்காம எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, பாக்கெட்டை ஒட்டி, அன்னைக்குச் சாயங்காலம் கேட்டுல நின்ன ஆளுகளுக்கு என் கையாலதான் குடுத்தேன். உங்களுக்கும் நாந்தான் குடுத்திருப்பேன். ஏன்க்கா, உங்களுக்கு எம்மூஞ்சி ஞாபகம் இருக்கா? இருந்துச்சா? ஏறுனப்பவே தெரியுமா?

தெரிஞ்சுக்கிட்டேவா இம்புட்டு நேரமும் நான் பேசுனதைக் கேட்டுக்கிட்டு வந்தீக?

திட்டுங்கக்கா. ஒரு வார்த்தையாச்சும் வஞ்சிருங்க. எதாச்சும் பேசுங்க. இப்பிடிப் பாக்காதீக. இந்தா, சின்னமனூரு வந்துருச்சு, எல்லாரும் எறங்குறாக. நான் வர்றேன். மேடையில ஏறி அளக்கலன்னும் சொல்றேன், யாரு வேணாம்னாகன்னும் சொல்றேன், ரெண்டையும் சொல்றேன். கூடவே வர்றேன்க்கா, சத்தியமா வர்றேன்.

கையை விடுங்க. வலிக்குது. நான் ஓடிற மாட்டேன்.